இருபத்து நாலு வண்டியும் ஒரு வாசலும்

வலியசாலை,
திருவனந்தபுரம்.
23 ஆகஸ்ட் 2004

ராகேல் அக்காவுக்கு,

விஜயலக்ஷ்மி எழுதுகிறேன். கல்லாறில் உங்கள் அண்ணன் கடையில் ஃபோன் இல்லை என்று ஆபீசில் சொன்னார்கள். விலாசத்தையும் அங்கேயே வாங்கினேன்.

முதலில் காரியம். சார்ஜர் அலமாரியின் சாவி உங்கள் கைப்பையோடு போய்விட்டது. நம் குட்டி ரோபோ வண்டிகள் இருபத்து நாலும் ஒரு வாரமாகச் சார்ஜ் இல்லாமல் மேஜைமேல் கிடக்கின்றன. சாவியை எப்படியாவது அனுப்பி வையுங்கள்.

இனி மற்றது. போன திங்கட்கிழமை டெமோவில் நான் பேசியது உங்களுக்கு வருத்தம் என்று தெரிகிறது. என் நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள். பணம் தரும் தில்லிக் குழுவில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பன்னிரண்டு வண்டி தீப்பெட்டியைச் சுமந்துகொண்டு இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போகவேண்டும், பன்னிரண்டு காலியாகத் திரும்பி வரவேண்டும். நடுவில் ஒரே ஒரு குறுகலான வாசல். அந்த வாசலில் எல்லாம் போய்க் குவிந்துகொண்டு பதினோரு நிமிஷம் முன்னும் பின்னுமாக ஆடுகின்றன. தங்க ஃபிரேம் கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்து என்ன கோளாறு என்று கேட்கிறார். வாயில் வந்ததைச் சொன்னேன். ஹார்டுவேர் கோளாறு என்றேன். நான் உங்களைச் சொல்லவில்லை அக்கா, சக்கரங்களைத்தான் சொன்னேன்.

நீங்கள் மல்டிமீட்டரை மேஜையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். கூப்பிட்டிருக்கவேண்டும். குழுவின் முன்னால் எப்படிக் கூப்பிடுவது என்று நின்றுவிட்டேன்.

ஓண விடுமுறை முடிந்ததும் வந்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

விஜயலக்ஷ்மி


கல்லாறு.
1 செப்டம்பர் 2004

பிராஜெக்ட் எஞ்சினியர் விஜயலக்ஷ்மி மேடம் அவர்களுக்கு,

சாவியைப் பொன்முடி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். தம்பானூர் டிப்போவில் பொன்முடி வண்டி நிற்கும் இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சக்கரங்களைத்தான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சக்கரங்களைச் செய்தது யார் மேடம்? நாற்பத்தெட்டு பிளாஸ்டிக் மூடிகளைச் சாலைக் கடைத்தெருவில் ஒரே அளவாகப் பார்த்துப் பொறுக்கினேன். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் மாட்டினேன். இருபத்து நாலு போர்டும் என் கையால் பற்றவைத்தது. ஐ.டி.ஐ. படித்தவளுக்கு எட்டு மாசமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அதை நாலு வாக்கியம்கூட வேண்டாம், ரெண்டே வார்த்தையில் நீங்கள் துடைத்துப் போட்டீர்கள்.

டெமோவுக்கு முந்தின வாரம் ஒன்று சொன்னேன், நினைவிருக்கிறதா? ஆறு வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதாது, இருபத்து நாலையும் ஒன்றாக விட்டுப் பாருங்கள் என்றேன். நேரமில்லை என்றீர்கள்.

நான் நீண்ட லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அண்ணன் ராஜையனுக்குச் சீசன் நேரத்தில் கடையில் ஆள் வேண்டும். பொன்முடி போகிறவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறேன். இதுவரை டீயில் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை.

ராகேல்


வலியசாலை.
8 செப்டம்பர் 2004

ராகேல் அக்காவுக்கு,

சாவி வந்தது. உங்கள் கடிதமும் வந்தது. கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், எனக்காகப் பரிந்து பேசுவாள் என்ற எண்ணத்தில். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "அவ கோச்சுண்டதுல என்னடி தப்பு? நாலு பேர் முன்னாடி சொன்னதை நாலு பேர் முன்னாடிதான் திருப்பி வாங்கிக்கணும்" என்றாள்.

அதனால் உண்மையைக் கண்டுபிடித்தேன். வண்டிகள் ரேடியோவில் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் செய்திகளெல்லாம் கட்டளையிடும் கம்ப்யூட்டரில் பதிவாகுமே, டெமோ அன்றைய பதிவைத் திறந்து வரி வரியாக எண்ணினேன். ‘நீ முதலில்’ என்ற செய்தி ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. ‘நான் போகிறேன்’ என்பது ஒரு தடவைகூட இல்லை.

புரிகிறதா அக்கா? நான் எழுதிய விதி இதுதான்: எதிரே ஒரு வண்டி இருந்தால் பின்வாங்கு, மூன்று விநாடி பொறு, பிறகு முன்னே போ. இரண்டு பக்கத்து வண்டியும் ஒரே சமயம் பின்வாங்கின, ஒரே சமயம் பொறுத்தன, ஒரே சமயம் முன்னே வந்து மறுபடியும் ஒன்றையொன்று பார்த்துப் பின்வாங்கின. எங்கள் தெருவில் கல்யாணப் பந்தியில் இதுதான் நடக்கும். நீங்க உட்காருங்கோ, இல்லையில்லை, நீங்க உட்காருங்கோ என்று சொல்லிச் சொல்லியே பாயசம் ஆறிப்போகும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் அதையே சி மொழியில் எழுதிவைத்துவிட்டேன்.

கோளாறு சக்கரத்தில் இல்லை. என் புரோகிராமில்தான் இருந்தது. என்னை மன்னியுங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. பிராஜெக்ட் தலைவர் என்ற முறையில் கோமதிநாயகம் சாருக்குத் தில்லியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நவம்பர் பத்தொன்பதாம் தேதி அதே குழு மறுபடியும் வருகிறது. அன்றைக்கும் ஓடாவிட்டால் பிராஜெக்டை மூடிவிடுவார்கள். வண்டிகளைப் பிரித்து மோட்டார் வேறு, ரேடியோ வேறாக மாணவர்களின் லாபுக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். சார் அதை என்னிடம் படித்துக் காட்டிவிட்டு மேஜைமேல் இருந்த வண்டிகளைப் பார்த்தார்.

மரியாதையை எடுத்துவிட்டால் முட்டிக்கொள்கின்றன. மரியாதை இருந்தால் நகர மறுக்கின்றன. நடுவில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

விஜி


கல்லாறு.
20 செப்டம்பர் 2004

விஜி,

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை ‘நீ முதலில்’ என்று சொல்லியும் ஒன்றும் நகரவில்லை என்பதை அண்ணனிடம் சொன்னேன். சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பால் கொட்டியது. கோபமாக இருக்கிறேன் என்பதை நான் மறக்கவில்லை, கேட்டியா. இதை வண்டிகளுக்காக எழுதுகிறேன். பிரிப்பார்கள் என்று படித்ததும் பேனாவைத் தேடினேன்.

உன் வீட்டிலிருந்து சாலைக் கடைத்தெரு எத்தனை தூரம்? அஞ்சு நிமிஷ நடை. எங்கள் அப்பா சுவாமிதாஸ் முப்பது வருஷம் அங்கே சுமடு எடுத்தார். அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, ஆணிப் பெட்டி. லாரி நிற்பது பெரிய ரோட்டில், குடோன் இருப்பது சந்துக்குள்ளே. சந்தில் ரெண்டு ஆள் தோள் உரசாமல் போகமுடியாது. ஒரு நாளைக்கு அந்த வழியாக ஆயிரம் மூட்டை போகும். முட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை, நீ முதலில் நான் முதலில் என்று நின்றும் பார்த்ததில்லை.

அங்கே ஒரே சட்டம். சுமை உள்ளவனுக்கு வழி. அவன் மந்திரியின் மருமகனா, நேற்றுச் சேர்ந்த ஆளா என்றெல்லாம் கேள்வி கிடையாது. தலையில் மூட்டை இருந்தால் அவன் நிற்கமாட்டான். காலியாக வருகிறவன் பின்னே போய் ஏதாவது கடை வாசலில் ஒதுங்கணும். காலியாக வரிசையாகப் பத்துப் பேர் வந்தால்? முன்னால் நிற்கிறவன் தனக்குப் பின்னால் இருப்பவனிடம் மட்டும் ‘பின்னே’ என்பான். அவன் அவனுக்குப் பின்னால் இருப்பவனிடம் சொல்லுவான். கடைசி ஆள் முதலில் ஒதுங்குவான். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறவனை அங்கே மதிக்கமாட்டார்கள்.

உன் வண்டிகளுக்கும் அதே வேலைதானே? போகும்போது சுமை, வரும்போது காலி. அப்புறம் ஏன் எல்லாம் ஒன்றுபோல நடக்கணும்?

தட்டுக்கு அடியில் ஒரு சின்ன அமுக்கு சுவிட்ச் வைத்தால் தீப்பெட்டி இருக்கிறதா இல்லையா என்று வண்டிக்குத் தெரியும். அலமாரியில் ரெண்டாவது தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவில் சுவிட்ச் இருக்கிறது. போர்டிலுள்ள சிப்பில் ஒழிந்து கிடக்கும் எட்டாவது காலில் பற்றவைக்கணும். யாரையாவது வைத்துச் செய்துகொள்.

ராகேல்


வலியசாலை.
4 அக்டோபர் 2004

அக்கா,

நீங்கள் விஜி என்று கூப்பிட்டதை ரெண்டு தடவை படித்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாலையில் போய் நின்றேன். இருபத்தொன்பது வருஷமாக அந்தத் தெரு வழியாகப் போய் வந்திருக்கிறேன், பருப்பு வாங்கியிருக்கிறேன், வழி கிடைக்கவில்லை என்று எரிச்சல் பட்டிருக்கிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நீலச் சட்டைக்காரர்கள் மூட்டையோடு வருகிறார்கள், காலி ஆட்கள் கரைந்துபோகிறார்கள், மூட்டை போனதும் திரும்பத் தெருவில் இருக்கிறார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. எனக்கு மெய்சிலிர்த்தது அக்கா. இதைத்தான் நாங்கள் புத்தகங்களில் பத்துப் பக்கக் கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

யூனியன் ஷெட்டில் விசாரித்ததும் உங்கள் அப்பாவைக் காட்டிவிட்டார்கள். முழங்கால் வலி என்கிறார், ஆனால் அங்கே உட்கார்ந்தபடி லாரிக்காரர்களை ஒரு கை பார்க்கிறார். நான் யார் என்று சொன்னேன். நீங்கள் கோபித்துக்கொண்டு போனது அவருக்குத் தெரிந்திருந்தது. பையிலிருந்து ஒரு வண்டியை எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு, "இது எங்க வேலையக் களயத்தானே?" என்றார். அப்புறம் அவரே சிரித்துக்கொண்டு, தீப்பெட்டி சுமக்கிற வரைக்கும் பயமில்லை, மூட்டை சுமக்கத் தொடங்கினால் யூனியன் கார்டு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

புரோகிராமை முழுதும் கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதினேன். நடுவில் கட்டளையிடும் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டேன். இனி ஒவ்வொரு வண்டியும் தன் தலையால் யோசிக்கும். ஒரு வரி மாற்றினால் இருபத்து நாலு தடவை கேபிளைச் சொருகி எடுக்கவேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். விரல் நுனி காய்த்துவிட்டது.

ஆறு வண்டி விட்டால் அழகாகப் போகின்றன. எட்டும் பரவாயில்லை. பன்னிரண்டுக்கு மேல் குழப்பம். எல்லாம் ஒரே ரேடியோ அலைவரிசையில் பேசுவதால் ஒன்று பேசுவது இன்னொன்றின் பேச்சை அழித்துவிடுகிறது. மீன் சந்தை மாதிரி இரைச்சல். முறை வைத்துப் பேசச் சொன்னால் முறை வருவதற்குள் முட்டிக்கொள்கின்றன. நாலு நாளாக முட்டுக்கட்டை.

சுவிட்ச் இன்னும் பற்றவைக்கவில்லை. யாரிடமும் கொடுக்க எனக்கு மனசில்லை.

விஜி


கல்லாறு.
13 அக்டோபர் 2004

விஜிக்கு,

இங்கே துலா மழை பிடித்துவிட்டது. ஆறு கலங்கலாக ஓடுகிறது, டூரிஸ்ட் யாரும் இல்லை, அட்டைகள் மட்டும் கடைக்கு வந்துபோகின்றன. அதனால் யோசிக்க நேரம் இருக்கிறது.

அப்பாவைப் போய்ப் பார்த்தாய் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் ஒரு பொருளை விரலால் சுற்றிப் பார்த்தார் என்றால் அது நல்ல பொருள் என்று அர்த்தம். வாயால் சொல்லும் பழக்கம் கிடையாது.

போன கடிதத்தில் நான் எழுதியதில் பாதியைத்தான் நீ எடுத்துக்கொண்டாய். பின்னால் இருப்பவனிடம் மட்டும் சொல்லணும், தெரு முழுக்கக் கத்தக்கூடாது என்றேனே. உன் வண்டி ஒவ்வொன்றும் இரு அறையும் கேட்கும்படி கத்துகிறது. ஏரியல் கம்பி பதினேழு சென்டிமீட்டர் வைத்திருக்கிறோம். அதை நாலு சென்டிமீட்டராக வெட்டிவிடு. ரேடியோவின் சக்தியையும் புரோகிராமிலேயே குறைக்கலாம் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். அப்போது ரெண்டு முழ தூரத்தில் இருப்பதற்கு மட்டும் கேட்கும். அங்கே நாலு வண்டி பேசும்போது இங்கே நாலு வண்டி வேறு பேசிக்கொள்ளலாம்.

நல்ல கம்பியை வெட்டுவதா என்று உனக்குப் பதறும். எனக்குந்தான் பதறுகிறது, ஒவ்வொன்றாக அளந்து மாட்டியவள் நான்.

சுவிட்சை நீயே பற்றவை. பற்றவைக்கும் இரும்பின் முனையை முதலில் ஈரப் பஞ்சில் துடை. ஈயத்தை இரும்பில் வைக்காதே, போர்டில் வை, சூடு தானே ஈயத்தை இழுக்கும். பளபளப்பாக உருண்டு நின்றால் சரி. சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் அது பொய்ப் பற்று, ஒரு நாள் கழன்றுவிடும். எடுத்துவிட்டுத் திரும்பச் செய்.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன். எனக்குப் பத்து வயசிருக்கும்போது அப்பாவுக்குச் சோறு கொண்டு போனேன். அப்பா மூட்டையோடு சந்தின் நடுவில் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிடவும் குரல் வரவில்லை. எங்கிருந்தோ ஒரு காலி ஆள் வந்து மூட்டைக்கு அடியில் தோளைக் கொடுத்து, அப்பாவை முன்னே தள்ளிக்கொண்டே குடோன் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அப்பா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை, என் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உன் வண்டிகளில் ஒன்று நின்றுபோனால் மற்றவை என்ன செய்யும்?

ராகேல்


வலியசாலை.
5 நவம்பர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

இருபத்து நாலு சுவிட்ச். மூன்று விரலில் கொப்புளம். அம்மா நெய் தடவிக்கொண்டே, படித்த படிப்புக்கு இதுதான் பாக்கி என்கிறாள். முதல் ஐந்தும் சாம்பல் நிறம், எடுத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். எட்டு மாசம் இந்த வேலையை நீங்கள் பாட்டு முணுமுணுத்தபடி செய்ததைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்திருக்கிறேன். சும்மா கையை ஆட்டுகிற வேலை என்று நினைத்திருந்தேன். என் நினைப்பை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கம்பிகளை வெட்டினேன். கோமதிநாயகம் சார் பார்த்துவிட்டு எழுந்தே போய்விட்டார். அன்று மத்தியானம் இருபத்து நாலையும் ஒன்றாக விட்டேன். அக்கா, நீங்கள் இருந்திருக்கவேண்டும். சுமையோடு ஒன்று வாசலுக்கு வருகிறது. எதிரே வந்த காலி நிற்கிறது, பின்னால் சொல்லுகிறது, அது அதன் பின்னால் சொல்லுகிறது, வரிசையின் வால் முதலில் ஒதுங்கி, வரிசையே சுவரோரம் போய் நிற்கிறது. கால்குலேட்டரில் பாதி மூளைகூட இல்லாத பொருள்கள் இவை. ஒன்றுக்கும் வாசல் எங்கே இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. பக்கத்தில் இருப்பவன் சொன்னது மட்டுந்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்ன காரியம் செய்கின்றன! சார் திரும்பி வந்து கதவருகில் நின்று பார்த்தார், டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒரு விதி எழுதினேன். பத்து விநாடி பேச்சே இல்லாமல் ஒரு வண்டி நின்றுவிட்டால், பக்கத்தில் இருக்கும் காலி வண்டி போய் அதைப் பின்னாலிருந்து தள்ளவேண்டும். அது மட்டும் சரியாக வரவில்லை. உதவிக்குப் போகிற காலி வண்டி சுமை வண்டியைப் பார்த்ததும் சட்டப்படி ஒதுங்கிவிடுகிறது. நின்றுபோனதுவரை போய்ச் சேர்வதே இல்லை. பேசாமல் அந்த விதியை எடுத்துவிடலாமா என்று இருக்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி வருவீர்களா? தீபாவளி முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை. ஐந்து தடவை ஓட்டினால் நாலு தடவை நன்றாக ஓடுகிறது. அந்த ஐந்தாவது தடவைதான் பயமாக இருக்கிறது.

விஜி


கல்லாறு.
10 நவம்பர் 2004

அன்புள்ள விஜி,

வரமாட்டேன். அதே அறை, அதே நாலு பேர், அதே மேஜை. அங்கே நிற்க எனக்குக் கால் வராது. வீம்பு என்று வைத்துக்கொள்.

ஆனால் அந்த விதியை எடுக்காதே. அப்பா விழுந்த அன்று நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த ஆள் காலியாகத்தான் வந்தார், சந்து முழுக்கச் சுமைக்காரர்கள். அவர் என்ன சொன்னாரோ தெரியாது, சுமையோடு இருந்தவர்கள் அத்தனை பேரும் மூட்டையோடு சுவரில் ஒட்டி நின்று அவருக்கு வழி விட்டார்கள். அன்றைக்கு மட்டும் சட்டம் தலைகீழ். உதவிக்குப் போகிறவன் காலியாக இருந்தாலும் அவனுக்குத்தான் முதல் வழி. நீ அதை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. இதை மூணு தடவை எழுதிக் கிழித்தேன். ஏழாம் எண் வண்டியின் இடது சக்கரம் ஆகஸ்டிலேயே வழுக்கிக்கொண்டிருந்தது. டெமோவுக்கு முந்தின நாள் ரப்பர் வளையம் ரெண்டாகப் போட்டு ஒப்பேற்றினேன், உன்னிடம் சொல்லவில்லை. அதனால் நீ சொன்ன ஹார்டுவேர் கோளாறு இருபத்து நாலில் ஒரு பங்கு நிஜம். ஒரு பங்கு நிஜம் இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ என்னவோ.

அன்றைக்கு ஏழாம் எண்ணை எடுத்து வைத்துவிட்டு இருபத்து மூன்றை ஓட்டு. தீபாவளிக்கு அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

ராகேல்


வலியசாலை.
19 நவம்பர் 2004, சாயங்காலம்

என் அன்புள்ள ராகேல் அக்காவுக்கு,

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். முகம்கூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. உதவிக்குப் போகிறவனுக்கு முதல் வழி என்ற வரியைச் சேர்த்து, இருபத்து நாலிலும் ஏற்றி முடிக்கப் புதன்கிழமை ஆகிவிட்டது. ஒரு வண்டியை நானே அணைத்துவிட்டுச் சோதித்தேன். மூன்றில் ஒரு தடவைதான் வேறொன்று போய் அதைத் தள்ளியது. இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஏழாம் எண்ணையும் எடுத்து வைக்கவில்லை. இருபத்து நாலு என்று சொல்லிவிட்டு இருபத்து மூன்றைக் காட்ட எனக்குப் பிடிக்கவில்லை.

குழு வந்தது. அதே நாலு பேர். வண்டிகளை விடுவதற்கு முன்னாலேயே நான் எழுந்து நின்றேன். ஓடிய பிறகு சொன்னால் அது பெருந்தன்மை மாதிரி ஆகிவிடும், ஓடாத பிறகு சொன்னால் சாக்கு மாதிரி ஆகிவிடும். "போன தடவை ஹார்டுவேர் கோளாறு என்று சொன்னேன். அது பொய். கோளாறு என் புரோகிராமில் இருந்தது. இந்த வண்டிகளைக் கட்டியவர் ராகேல். இன்று நீங்கள் பார்க்கப்போகிற விதிகளும் அவர் சொன்னவை" என்றேன். கோமதிநாயகம் சார் இருமினார். கண்ணாடிக்காரர் எதையோ எழுதிக்கொண்டார். மூன்று மாசமாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கிவிட்டது.

வண்டிகளை விட்டேன். பதினாலு நிமிஷம் தண்ணீர் மாதிரி ஓடியது. குழுவில் ஒரு அம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினைந்தாவது நிமிஷம் ஒரு வண்டி தீப்பெட்டியோடு வாசலுக்கு நட்டநடுவில் வந்து நின்றுவிட்டது. ஏழாம் எண். விளக்கும் இல்லை, பேச்சும் இல்லை. அதன் பின்னால் சுமையோடு ஐந்து வண்டி. அந்தப் பக்கம் காலி வரிசை. எல்லாம் நின்றது. ஆகஸ்ட் மாசம் மாதிரியே. கண்ணாடிக்காரர் பேனாவை மூடினார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு. சார் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

பத்து.

கடைசியில், இந்தப் பக்க அறையின் மூலையில், அப்போதுதான் காலியாகத் திரும்பி வந்திருந்த பத்தொன்பதாம் எண் திரும்பியது. நேராக வாசலைப் பார்த்துப் புறப்பட்டது. நடுவில் சுமையோடு நின்ற ஐந்தும், அக்கா, ஒன்றன்பின் ஒன்றாக, பின்னால் இருந்தது முதலில், தீப்பெட்டிகளோடு சுவரோரம் நகர்ந்து அதற்கு வழி விட்டன. பத்தொன்பது மெதுவாகப் போய் ஏழாம் எண்ணின் முதுகில் மூக்கை வைத்துத் தள்ளியது. முதலில் நகரவில்லை. மறுபடியும் தள்ளியது. வாசல்படியைத் தாண்டி, அந்த அறைக்குள்ளே, தீப்பெட்டி இறக்கும் கோடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பித் தன் வேலைக்குப் போய்விட்டது. பின்னால் ஐந்தும் கிளம்பின.

நான் எழுதிய வரிகள்தான், ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம், ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. கண்ணாடிக்காரர் எழுந்து வந்து பத்தொன்பதைக் கையில் எடுத்துச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். உங்கள் அப்பா செய்த மாதிரியே. பிறகு, இந்த ராகேல் எங்கே, அவரைப் பார்க்கவேண்டும் என்றார். லீவில் இருக்கிறார் என்றேன்.

பிராஜெக்ட் இன்னும் மூன்று வருஷம். வண்டி எதையும் பிரிக்கப்போவதில்லை.

அவர்கள் போனதும் ஏழாம் எண்ணைத் திறந்தேன். உங்கள் ரெட்டை ரப்பர் வளையத்தைத்தான் முதலில் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது, மயிரிழை அசையவில்லை. கழன்றிருந்தது பாட்டரிக் கம்பி. போன மாசம் சுவிட்ச் வைக்கும்போது அந்தக் கம்பியை எடுத்துத் திரும்பப் பற்றவைத்தேன். சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கிறது. அது என் கைவேலை.

உங்கள்
விஜி


கல்லாறு.
24 நவம்பர் 2004

என் விஜிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். டீக்கு நின்ற ஆட்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது கெட்ட சேதியா என்று கேட்டார்கள். இல்லை, நல்ல சேதி என்றேன்.

ஐந்தும் சுவரோரம் நகர்ந்த இடத்தை அண்ணனுக்கு ரெண்டு தடவை வாசித்தேன். அண்ணனும் அப்பா விழுந்த வருஷம் சாலையில் இருந்தவன்தான். போய் அடுப்பில் விறகைத் தள்ளினான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து அப்பாவிடம் போய் நானே சொல்லப்போகிறேன். அவருக்குத் தோள் கொடுத்தவரின் பெயர் தெரியாமல் இத்தனை வருஷம் மனசில் ஒரு குறை இருந்தது. இனி பத்தொன்பது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நாலு பேர் முன்னால் நீ சொன்னதற்கு எழுதிப் பதில் சொன்னால் போதாது. எழுத்தில் எனக்கு அவ்வளவு வராது. கண்ணாடிக்காரர் அடுத்த தடவை வரும்போது நானும் நாலு பேர் முன்னால் ஏழாம் எண்ணின் சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணக்கு நேராகட்டும்.

அப்பாவோடு தங்கிவிட்டு, திங்கட்கிழமை முதல் பஸ்சில் வருகிறேன். இரும்பைச் சூடாக்கி வை, பஞ்சை நனைத்து வை. ஏழாம் எண்ணை மட்டும் நீ தொடாதே, அதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ராகேல் அக்கா